முன்பணம்

வீட்டுக்காரி நிபியா முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை.
புயலடித்தாலும் இல்லை, சாவு விழுந்தாலும் இல்லை.
விவாகரத்துக்கென்று அவளிடம் தனி விதி கிடையாது.
அதனால்
தார்தோ மொந்தெவிதேயோவிலிருந்து பேருந்தில் வந்தான்.
ஸுல்மா மகளோடு எங்கள் காரில், பின்சீட்டில்,
மடியில் தர்பூசணியை வைத்துக்கொண்டு
இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

பதினோரு ஜனவரியாக இதே வீடு,
வலிசாஸ் ஓடைக்கு மேற்கே, மணல்மேட்டின் காலடியில்.
அதே ஆட்டம் காணும் கட்டில்கள், அதே துருவேறிய வாணலி,
கதவுக்குப் பின்னால் அதே வலை,
கழிகள் இரண்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி.
இந்த முறை அறை பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது.
சமையலறைத் தரையே போதும் என்றான் தார்தோ.
"உன் முதுகு…" என்று ஆரம்பித்த ஸுல்மா
அது இனித் தன் கவலையல்ல என்பது ஞாபகம் வந்தவளாய்
தர்பூசணியை அறுக்கப் போனாள்.

பகலைச் சமாளித்துவிட்டோம்.
கடல் பெரியது, ஆளுக்கொரு பக்கம் பார்க்கலாம்.
யமந்தூ கொர்வினா மீனுக்குத் தூண்டில் போட்டு
ஒரு செருப்பைப் பிடித்தான். இடது கால்.
பிள்ளைகள் அதை மணலில் புதைத்துச்
சிலுவை நட்டார்கள்; லாவுதாரோ இரங்கல் உரை வாசித்தான்.
மாத்தே குவளை சுற்றி வரும்போதுதான் சங்கடம்,
அவன் உறிஞ்சிய குழலில் அவள் உறிஞ்ச வேண்டும்.
இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன்.
இருந்தாலும் குழல் ஒன்றுதானே.

இரவு நிலவில்லை. இறால் இரவு.
ஓடை கடலில் கலக்கும் இடத்தில்
பாதி ஊர் விளக்கோடு தண்ணீரில் இறங்கியிருந்தது.
ஒரு கழி யமந்தூவிடம், ஒன்று என்னிடம்.
பத்தடி போவதற்குள் வலை முறுக்கிக்கொண்டது.
நீ ஓடுகிறாய் என்றான், நீ தூங்குகிறாய் என்றேன்.
கிடைத்தவை: பாசி, ஒரு பாட்டில் மூடி,
எங்கள் மேல் கோபமாயிருந்த நண்டு.
கரையிலிருந்து மைதே கத்தினாள், ஒன்பது வயதுக் குரலில்,
"அப்பாவும் அம்மாவும் இழுத்தாத்தான் வரும்!"

ஓடையில் தவளைகூட அப்போது கத்தவில்லை.
ஸுல்மா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள்.

வலை இழுப்பது ஒன்றும் வித்தையில்லை.
ஆழத்தில் நிற்பவர் மெல்ல வளைந்து வர வேண்டும்,
கரையோரம் நிற்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும்,
கழியின் அடி தரையை விட்டு எழும்பக் கூடாது,
பேச்சு ஆகாது, பேசினால் இறால் கலைந்துவிடும்.
பேசாமலிருக்க
அவர்கள் இருவரும் நன்றாகவே பழகியிருந்தார்கள்.

அவன் ஆழத்துக்குப் போனான். அவள் நின்றாள்.
நான் விளக்கைத் தூக்கிப் பின்னால் நடந்தேன்.
கறுப்புத் தண்ணீருக்குள் இறால் கண்கள்
ஊதிய தணல் பொரிகளாய்ச் சிவந்து, விலகி,
மீண்டும் வலைக்குள்ளேயே வந்து சிவந்தன.
வலை தொய்யவில்லை. விறைக்கவும் இல்லை.
மூன்று இழுப்பில் வாளி நிறைந்தது.

கரையேறியதும் சண்டை.
உப்போடு சுருட்டாதே என்று எத்தனை ஜனவரி சொல்வது என்றாள்.
நல்ல தண்ணீரை நீயே சுமந்து வா என்றான்.
குரல்கள் ஏறின. பக்கத்து விளக்குகள் திரும்பிப் பார்த்தன.
நாங்கள், வெட்கமில்லாமல், நிம்மதியாக
வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.
பூண்டு உரிக்க ஆள் வேண்டியிருந்தது.

காலையில் நிபியா வந்தாள், காதில் பென்சில்.
வாசலெல்லாம் இறால் ஓடு, ஈ.
அடுத்த ஜனவரிக்கு எழுதிக்கொள்ளட்டுமா?
தார்தோ முதுகைப் பிடித்தபடி மணல்மேட்டைப் பார்த்தான்.
ஸுல்மா கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து,
ஒரு கழியில் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றித்தர வேண்டும் என்றாள்.
நிபியா எதையோ எழுதினாள்,
கழியையா, ஆட்களையா தெரியவில்லை.
யமந்தூவைத்தான் கேட்டிருக்கலாம். அவன் விடியுமுன்னே
தூண்டிலோடு போய்விட்டான்,
வலது காலைப் பிடிக்க.