பதினோராம் சீட்டு

பதினோரு வீடுகள் சேர்ந்து வாங்கினோம்
கோதுமைக் கதிரடிக்கும் அந்த எந்திரத்தை.
வீட்டுக்கு நூற்றிருபது டாலர்.
டகோட்டாவின் இந்தப் புல்வெளிக்கு
அவ்வளவு பெரிய இரும்பு
அதுவரை ரயிலாக மட்டுமே வந்திருந்தது.

யார் வயல் முதலில் என்பதற்கு
ஆகஸ்ட் கடைசியில், தேவாலயத்தின் கீழறையில்,
அஸ்லாக்கின் தொப்பிக்குள் சீட்டு.
எழுதியவன் நான். கணக்கும் நான்தான்.
கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள்.

எனக்கு இரண்டு வந்தது.
தூரா ஹவ்லனுக்குப் பதினொன்று.
பிரித்துப் பார்த்தாள், திரும்ப மடித்தாள்,
கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
பாதிரியார் காபி கொண்டுவரச் சொன்னார்.

என் வயலில் அடித்த இரண்டு நாளும்
சமைக்க வந்தாள். முறைதானே அது,
ஒரு வீட்டில் கதிரடிப்பு என்றால்
மற்ற வீட்டுப் பெண்கள் அதன் அடுப்படியில்.
பத்தொன்பது ஆண்கள், நாளைக்கு ஐந்து வேளை.
அவள் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியில்
நான் மட்டும் ஏழு தின்றேன்.
மகன் ஏவின், ஒன்பது வயது,
எந்திரத்துக்குத் தண்ணீர் வண்டி ஓட்டினான்.
அடுத்தது எங்க வயலா என்று கேட்டான்.
இல்லை என்றேன்.

என் கோதுமை முதல் தரம்.
புஷலுக்குத் தொண்ணூற்றொரு சென்ட்.
தூசிக் கழிவு போடக்கூடக்
கிடங்குக்காரனுக்கு மனம் வரவில்லை.

செப்டம்பர் இருபதில் மழை.
ஒன்பதாம் வீட்டோடு எந்திரம் நின்றது,
பன்னிரண்டு நாள்.
தூராவின் அரிக்கட்டுகள்
நின்றபடியே முளைவிட்டன, பச்சைப்பசேலென்று,
வசந்தம் வந்துவிட்டதென நினைத்துக்கொண்டு.
பிறகு பனி.
தரமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.
பன்றித் தீவனத்துக்கு, முப்பது சென்ட்.

மார்ச்சில் வங்கி ஏலம்.
அவளுடைய சிவப்புப் பசுவை,
போட்டிக்கு ஆளில்லாதபோதும்
நான்கு டாலர் கூட்டிக் கேட்டேன்.
நல்ல மனுஷன் என்றார் யாரோ பின்னாலிருந்து.
அவள் அப்படிச் சொல்லவில்லை. கயிற்றைக் கொடுத்தாள்.
இடப்பக்க மடியை மெதுவாகக் கறக்க வேண்டும், என்றாள்.

சீட்டு மடிக்கையில்
ஒன்றின் மூலையை நகத்தால் கீறியிருந்தேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
பதினொன்றை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.
யாராவது ஒருவருக்கு அது வரத்தானே வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே
‘பங்குத்தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினேன்,
நல்ல கையெழுத்தில்.

அடுத்த ஆகஸ்டில் பத்துச் சீட்டு.
நகம் வெட்டிக்கொண்டு,
எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்தேன்.
எனக்கு ஒன்பது வந்தது.
அந்த ஆண்டு மழையே இல்லை.