உபரி

காகிதம் செய்வதை நிறுத்திவிட்ட ஆலைக்குள்
இப்போது மூவாயிரம் கணுக்கள்
போத்னியா வளைகுடாவின் பனிப்பாளத்தைக்
கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே விசிறிகளின் இரைச்சல்.
பஞ்சைக் காதில் செருகிக்கொண்டு
ஹில்க்கா திரையைப் பார்க்கிறாள்.

ஐந்து நொடிக்கொரு முறை
ஒவ்வொரு கணுவும் 'இருக்கிறேன்' என்கிறது.
வேறொன்றும் சொல்வதில்லை.

மூன்று மணி பன்னிரண்டுக்கு
ஆயிரத்து நூற்று எண்பத்தேழு
சொல்லவில்லை.

மற்றவையும் நின்றுவிட்டன.
கடைசி ஆள் உண்டு முடிக்கும்வரை
பந்தியில் எவரும் எழக்கூடாதே,
அப்படி
தத்தம் பங்குக் கடலை முடித்துவிட்டு
இலைமுன் உட்கார்ந்திருந்தன
மின்சாரம் தின்றபடி,
ஒன்றும் செய்யாமல்.

கடைசியாக எழுதிவைத்தது பதினொன்றே முக்காலுக்கு.
அதற்குப் பின் வந்த இரண்டு விரிசல்கள்,
ஹாய்லூட்டோ தீவருகே திசை மாறிய ஒரு காற்று,
ஒன்றும் இனி நடந்ததாகாது.
இன்னும் முப்பத்து மூன்று நிமிடம்
பொறுத்திருந்தால் என்ன, சனியனே.

ஓயாமல் எழுதினால் எழுதவே பொழுது போய்விடும்.
எப்போதாவது எழுதினால், இதோ, இப்படி.
நாற்பத்து நான்கு மணிக்கு ஒரு சாவு,
எழுதி முடிக்கப் பதினோரு நிமிடம் என்று
காப்பிக்கடை ரசீதின் முதுகில்
ஒரு வர்க்கமூலம் போட்டு
'நாலு மணிக்கொரு தடவை' என்றவன் இல்போ.
ரசீது இன்னும் ஒட்டியிருக்கிறது.
இல்போ இல்லை.

இந்த அறையில் எல்லாமே இரண்டு:
மின்வழி இரண்டு,
குளிர்நீர்ப் பம்பு இரண்டு,
கோப்புகளுக்கு மட்டும் மூன்று பிரதி,
அதிலொன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
இரவுப் பணிக்கும் இருவர் இருந்தார்கள்
நவம்பர் வரை.
மேலாளரின் கடிதத்தில் 'உபரி' என்றிருந்தது.
பம்பை யாரும் அப்படிச் சொல்வதில்லை,
அதற்குப் பெயர் காப்பு.

செத்த கணுவை வரிசையிலிருந்து நீக்குகிறாள்.
நாற்பது நாளாய்ச் சும்மா கிடந்த ஒன்று
அதன் இடத்தில் அமர்கிறது,
அதன் கடல்துண்டை வாங்கிக்கொள்கிறது,
கேள்வி கேட்காமல்.
திரையில் மறுபடி பதினொன்றே முக்கால்.

அதே பனி, அதே காற்று.
ஆனால் மூவாயிரம் பேர் சொல்லும் எண்களை
எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதில்
ஒரு தசமத்தின் வால் நகரும்.
முதல் விரிசல் சென்ற முறை விழுந்த இடத்தில்
இப்போது விழவில்லை.
இரண்டில் எது சரி என்று கேட்டால்
இரண்டும் என்பார்கள் ஆராய்ச்சிக்காரர்கள்.

சுவரில் ஒரு பச்சைப் பொத்தான்.
தனியாளாய் இருப்பவர் அரைமணிக்கொரு முறை
அழுத்த வேண்டும்.
அழுத்தாவிட்டால் ஓலுவில் யாருக்கோ
தொலைபேசி அடிக்குமாம்.
அடித்து யாரும் பார்த்ததில்லை.
அழுத்துகிறாள்.

நான்கு மணிக்குச் சட்டைப்பை அதிர்கிறது.
இல்போ. வேலையில்லாதவன்
இந்நேரம் விழித்திருக்க வேண்டியதில்லை.
செய்தியில் ஒரே ஒரு கேள்விக்குறி,
நேற்றுப் போல, முந்தாநாள் போல.

ஒரு புள்ளியை அனுப்பிவிட்டு
விரிசல் இம்முறை எங்கே திறக்கும் என்று
நாற்காலியை முன்னிழுத்துக்கொள்கிறாள்.