நெடுவரிசை பதினேழு

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டது.
நான்காம் மாடியில் ஹீட்டர் இருமுகிறது.
நான்கு ஊர்களின் குழந்தைகள்
என் திரையில் எண்களாக வந்து இறங்குகிறார்கள்:
ஒமாஹா, ஸ்போகேன், ஆல்புகெர்க்கி, பால்டிமோர்.
எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை.
பெயரை அழிப்பதுதான் என் முதல் வேலை.
அழிப்பதற்கு முன்
ஒவ்வொன்றையும் வாய்க்குள் ஒரு தடவை
சொல்லிப் பார்த்துவிடுகிறேன்.
அதற்கு விதி ஏதும் எழுதப்படவில்லை.

நெடுவரிசை பதினேழு:
'இல்லாமல் போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?'
ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் சுழியம்.
ஒன்று விழுந்தால்
அந்தக் கட்டடத்தை விட்டுக் குழந்தை வெளியேறும் முன்னே
ஒருவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.
பேசினார்கள். நேரம் குறித்திருக்கிறார்கள். சரிபார்த்தேன்.

ஒன்றுகள்தான் என் தூக்கத்தைக் கெடுப்பதாக
வீட்டில் நினைக்கிறார்கள்.
ஒன்றுக்கு ஆள் இருக்கிறது.
சுழியம்தான்.

வியாழக்கிழமை மாலை, காபி ஆறி ஆடை கட்டியபின்
கவனித்தேன்:
ஸ்போகேனில் மார்ச் மாதம் முழுக்க
ஒரு ஒன்றுகூட இல்லை.
நாற்பத்தோரு குழந்தைகள், நாற்பத்தோரு சுழியங்கள்,
பள்ளிக்கூடக் குரூப் போட்டோ மாதிரி
அசையாமல்.

ஓடெல் ப்ரூயிட்டைக் கூப்பிட்டேன்.
அவன் தாள்களைப் புரட்டுவது கேட்டது.
பிறகு புரட்டாமல் இருப்பது கேட்டது.
"புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள்," என்றான்.
"அந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.
தாண்டிப் போயிருக்கிறாள்.
கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கம் விடாது.
அதனால் சுழியம்."

நாங்கள் கேட்கவில்லை.
ஆகவே எங்களுக்குக் கேட்கவில்லை.
கேட்காததை 'இல்லை' என்று எழுதி
பூட்டி, முத்திரையிட்டு, அனுப்பிவைத்தோம்.

அவளைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை.
என் மகனுக்குப் பதினொரு வயது.
இரவு விளக்கை அணைக்கும்போது
நான் கேட்பது: பல் துலக்கியாச்சா?

நாற்பத்தோரு வீடுகளுக்கும் மறுபடி போன் செய்தார்கள்.
முப்பத்தெட்டு எடுத்தன.
கேட்டால் நாமே விதைத்ததாகிவிடாதா, என்றார் ஒரு தகப்பன்.
ஆகாது, என்றாள் அதே பெண்,
குரல் நடுங்கத்தான் செய்தது,
கேட்டால் பாரம் கொஞ்சம் கை மாறும்.
சுழியங்களில் ஐந்து ஒன்றாயின.
ஐந்துக்கும் அன்றைக்கே ஆள் போனது.
மூன்று எண்களில் இன்னும்
மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது.

நெடுவரிசை இருபத்து மூன்று:
'கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வாய்?'
அம்மா ஒன்று, அப்பா இரண்டு, ஆசிரியர் நான்கு.
ஐந்தில் ஒரு குழந்தை சொன்னது:
பஸ் ஓட்டுகிற வெர்ல்.

வெர்லுக்கு எண் இல்லை.
செவ்வாய்க்கிழமை நான்கு ஊரும் தொலைபேசியில்.
'மற்றவை' போதும், என்றது பால்டிமோர்.
குடும்பம் சாராத பெரியவர், என்றாள் ஒமாஹாவின் ஸ்டெங்கா.
வீட்டு நாய்க்கு எண் கொடுத்தோமே,
டிரைவர் என்ன பாவம் செய்தார், என்றாள் மாரிசெலா.
நாற்பது நிமிடம் போனது.
வெர்லுக்கு இதெல்லாம் தெரியாது.
அந்நேரம் அவர் ஏதோ ஒரு திருப்பத்தில்
பனியைப் பார்த்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார்.

ஏன் வெர்ல் என்பதற்கு அது சொன்ன காரணத்தை
விளக்கக் கட்டத்தில் தட்டியிருந்தார்கள்.
அந்தக் கட்டம் நாற்பதாவது எழுத்தில் வெட்டிவிடும்:

"நான் கதவைத் திறந்து உள்ளே போகிற வரை அவர் வண்டியை எடுக்க மாட்"

இன்று காலை, கோட்டைக் கழற்றும் முன்,
கட்டத்தின் அளவை ஐந்நூறாக்கினேன்.
ஸ்போகேனுக்கு எழுதினேன்:
மிச்ச வாக்கியத்தை அனுப்பவும்.
என்ன வருமென்று தெரியும்தான்.
இருந்தாலும் கேட்டேன்.