நாலு கிராம்

எலி என்றுதான் நினைத்தேன்.
கட்டில் தலைமாட்டுச் சுவரில்
சுண்ணாம்பு உதிர்ந்து
தேக்கரண்டி அளவில் ஒரு குழி.
வீட்டுத்திட்டத்துச் சுவர், மணல் கூடிய பூச்சு.
எலிக்கும் பசிக்கும்தானே என்று
நெத்தலித் தலை குத்திப் பொறி வைத்தேன்.
மூன்று இரவு. எலி வரவில்லை.
குழி மட்டும் வளர்ந்தது.

பழைய இரும்பு எடுக்கிற ஆள் நான்.
ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, கருவேலன்கண்டல்
எல்லா இடமும் லாண்ட்மாஸ்டரில் போய்
சைக்கிள் றிம், கிணற்று மோட்டர்,
ஆரும் பெயர் சொல்லாத துண்டுகள்,
எல்லாவற்றையும் கொக்கியில் தூக்கி நிறுப்பேன்.
இந்த மண்ணை எங்கே கொத்தினாலும்
மண்வெட்டி ணங்கென்று கத்தும்.
இரும்பு காணாது என்று
என் வீட்டு வாசலில் வைத்தே ஒருவர் சொல்வார் என
நான் கண்டேனா?

மிதுசனை நிறுக்க வந்தார் ஜெயகௌரி மிஸ்ஸி.
பத்து மாதம். தவழப் பஞ்சி.
ஆர் தூக்கினாலும் அழான்.
நல்ல பிள்ளை என்று ஊரே சொன்னது.
மிஸ்ஸி அவன் கீழிமையை விரலால் இழுத்தார்.
உள்ளே
தோய்த்துத் தோய்த்து வெளிறிய சீலையின் நிறம்.
"மண் தின்னுறானோ?"
இல்லை என்றேன் நான்.
வதனி நிலத்தைப் பார்த்தாள்.
மிஸ்ஸி ஒன்றும் பேசாமல்
அவள் இமையையும் இழுத்துப் பார்த்தார்.
பிறகு சுவரைப் பார்த்தார்.

"மழை பட்ட மண் மாதிரி மணக்கும்,"
அன்றிரவு இருட்டுக்குள் சொன்னாள்.
"கை தானாப் போகுது. நான் என்ன செய்ய?"
கிணற்றடியிலிருந்து ஒரு வாளி கொண்டுவர
இரண்டு தரம் இருந்து எழும்புவாள்.
பகிடி பண்ணியிருந்தேன்.
மாதம் எட்டு நாள் போகும் என்பது
கட்டி ஆறு வருசத்தில் எனக்குத் தெரியாது.
மீன்துண்டு என் கோப்பையில், குழம்பு அவளுக்கு.
அது தெரியும்.

மாங்குளம் ஆஸ்பத்திரிச் சீட்டில்
ஏழு தசம் ஒன்பது, அவள்.
எட்டு தசம் நாலு, அவன்.
எண்ணை வைத்துப் பிழைக்கிறவன், கேட்டேன்:
வளர்ந்த ஆளில் மொத்தம் எவ்வளவு இரும்பு இருக்கும்?
"நாலு கிராம். ஒரு இரண்டங்குல ஆணி."
என் தராசு நூறு கிராமுக்குக் கீழே அசையாது.
"அப்ப ஆணியை அவிச்சு..."
"பேசாமல் இருங்கோ அண்ணை."

குளிசைக்குத் தேசிக்காய்த் தண்ணி.
தேத்தண்ணி இரண்டு மணித்தியாலம் தள்ளி.
அவளோடு நானும் தள்ளினேன், தலையிடித்தது.
பக்கத்து வீட்டுப் பசுப்பால்
ஒரு வயது மட்டும் வேண்டாமாம், தாய்ப்பாலே காணுமாம்.
அவனுக்குச் சொட்டு மருந்து,
பல்லில் கறை பிடிக்காமல் கன்னத்துப் பக்கமாய்.
மசித்த ஈரல், பருப்போடு முருங்கையிலை,
பாதி என் சேட்டில்.
குளிசைப் போத்தலைத் தராசு தொங்கும் வளையில் ஏற்றினேன்;
பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே மோசம் என்று
மிஸ்ஸி இரண்டு தரம் சொல்லியிருந்தார்.

முதல்முறை கறுப்பாய்ப் போனபோது
துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.
மிஸ்ஸி வாசலில் நின்றே சிரித்தார்.
"மிச்ச இரும்பு அண்ணை, வெளியிலை வருது."
நிறுக்காமல் நான் விட்ட இரும்பு
அது ஒன்றுதான்.

வயிறு இறுகி, வாய் கசந்து
வதனி ஒருநாள் குளிசையை யன்னலால் எறிந்தாள்.
காந்தத்தை எடுத்துக்கொண்டு தேடப் போனேன்.
ஒட்டவில்லை.
கனநாளைக்குப் பிறகு சிரித்தாள்.
அடுத்த நாள் சோற்றோடு விழுங்கினாள்.

மூன்று மாதம். பத்து தசம் ஆறு.
இப்ப நிப்பாட்டக் கூடாது என்கிறார் மிஸ்ஸி.
மிதுசன் கத்துகிறான், தூக்கினால் உதைக்கிறான்,
ஊருக்கு இப்போது குழப்படிக்காரன்.
குழிக்குச் சீமெந்து குழைத்துப் பூசினேன்.

நேற்று நடுச்சாமம்
அவள் கை சுவரில் அந்த இடத்தைத் தடவியது.
நான் மூச்சுக் காட்டாமல் கிடந்தேன்.
கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"சீமெந்து மணக்கேல்லை" என்றாள்,
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.