வாயிற்பதிவேடு

லிமாவில் மழை பெய்யாது,
ஊர் சும்மா நனையும்.
அப்படியொரு காலையில்தான் முதலில் வந்தார்
செவெரோ சுக்கிமியா.
மலையிலிருந்து இருபத்தொரு மணி நேரப் பேருந்து.
கம்பளி மூட்டையில் வறுத்த சோளம்,
பழுப்பு உறையில் ஒரு எக்ஸ்ரே.

நீதிமன்ற வாசல் சட்டகம்
அவர் நுழைந்ததும் கத்தியது.
பெல்ட், சில்லறை, சாவி,
தொப்பியில் குத்திய மாதா பதக்கம்
எல்லாம் தட்டில் விழுந்தன.
மறுபடி கத்தியது.
இன்னும் என்னய்யா?
இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.
"இதைக் கழற்ற டாக்டர் மாட்டேன் என்கிறார்.
எடுத்தால் கால் போய்விடுமாம்."

எழுதினேன்:
உலோகம் ஒன்று. உடலுக்குள். நீக்க இயலாது.
முத்திரை குத்தி மேலே அனுப்பினேன்.

மூன்றாம் மாடியில் குண்டைக் கேட்டார்கள்.
இருக்கிறதே என்றார்.
கையில் கொடு என்றார்கள்.

பிறகு கோடையில் வந்தார், பனியில் வந்தார்.
இழுக்கக் கயிறில்லாத மணி அது,
உள்ளே வருகிறவன் உடம்பே கயிறு.
ஒவ்வொரு முறையும் அடித்தது.
மாடியில் யாருக்கும் கேட்கவில்லை.

வரிசையில் நிற்கும்போது சொல்வார்:
விமான நிலையச் சாலையில்
வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம்.
இவர் பெரிய பறை அடித்துக்கொண்டிருந்தாராம்.
சத்தம் கேட்டதும்
தோல் கிழிந்துவிட்டது என்று நினைத்தாராம்.
எந்தத் தோல் என்று
சற்றுப் பிறகுதான் தெரிந்ததாம்.
பக்கத்தில் பசிலியா
இரவல் குடையோடு சாய்ந்தாள்.
குடைக்குச் சொந்தக்காரி இன்றுவரை
அதைக் கேட்டு வரவில்லை.

என் தம்பி வில்மரும் அன்று அந்தச் சாலையில் இருந்தான்.
எந்தப் பக்கம் என்று செவெரோ கேட்டதில்லை,
தம்பி இருப்பதையே நான் சொன்னதில்லை.
வில்மரிடமும் நான் எதுவும் கேட்டதில்லை.
திருவிழாவில் பட்டாசு வெடித்தால்
எழுந்து குளியலறைக்குப் போவான்,
குழாயைத் திறந்துவிடுவான்.
நாங்கள் பாட்டின் ஒலியைக் கூட்டுவோம்.

பதினோராம் முறை ஒரு பெண் வக்கீல் கூட வந்தார்.
எக்ஸ்ரேயை அவர் பார்க்கவில்லை.
என் மேசையைப் பார்த்தார்.
பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி
எச்சில் தொட்டுப் புரட்டினார்.
மூன்று ஆண்டு, பதினொரு வரி,
ஒவ்வொன்றின் கீழும் இதே நீதிமன்றத்தின் முத்திரை.

"இதை எழுதியது யார்?"

ஞாயிற்றுக்கிழமை வில்மரின் மகளுக்குப் பிறந்தநாள்.
கேக்குக்கு நான் காசு தருவதாகச் சொல்லியிருந்தேன்.
பின்னால் வரிசை தெருவரை நீண்டிருந்தது,
யாரோ இருமினார்கள்.
செவெரோ பெல்ட்டை இன்னும் மாட்டவில்லை.
ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு
மறு கையால்
தட்டிலிருந்த சில்லறையைப் பொறுக்கினார்,
என்னைப் பார்க்காமல்,
நான் சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை என்பதுபோல.

என் எழுத்துதான் என்றேன்.
கொஞ்சம் கோணலாக இருக்கும்,
ஆனால் படிக்கலாம்.