ஒரே முகவரி

ரூவியில் மணி இரண்டு நாற்பது.
கட்டிலடியில் பழைய சர்வர்
மூச்சு வாங்குகிறது.

பிங் போகிறது.
ஒரு பதில் வருகிறது, அடுத்தது இல்லை,
பிறகு மூன்று சேர்ந்தாற்போல்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
ஃபயர்வாலை அணைத்தேன்.
ஸ்விட்ச் பச்சையாய்க் கண் சிமிட்டியது,
அதற்கென்ன.

ஏஆர்பி பட்டியலில்தான் அகப்பட்டது:
போன வெள்ளிக்கிழமைச் சோம்பலில்
நகலெடுத்த மெஷின் இரண்டுக்கும்
ஒரே மேக் முகவரி.
இத்தனை நாளும்
ஒன்றின் கடிதத்தை மற்றது பிரித்திருக்கிறது.

கடைசி இரண்டு எழுத்தை மாற்றினேன்.
நூறு போய் நூறு வந்தது.

ஐந்தரைக்குக் கதவு.
நைட் ஷிஃப்ட் முடிந்த ஜெபசிங்
ஷூவைக் கழற்றுகிறான்.
"எழும்புடே, எனக்க நேரம்."
தலையணை உறையை மட்டும் உருவிக்கொண்டு
எழுந்தேன்.

சர்வர் ஓடட்டுமா என்று கேட்பதற்குள்
தூங்கிவிட்டான்,
என் சூட்டின் மேலேயே.