மறு அச்சு

"ஒரிஜினல் கிடையாதும்மா, சொல்லிட்டேன்"
என்று முதலிலேயே சொல்லிவிடுவார் அமானுல்லா.
பின்னால் சண்டை வரக்கூடாதாம்.
அல்லிக்குளம் வளாகம், முதல் மாடி.
செய்தித்தாளைப் பிரித்தால்
சிங்கம்
புலியை மல்லாக்கத் தள்ளி நிற்கிறது.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது என்று எழுதியிருக்கும்.
இதை அடித்தது எந்த வருஷம் என்று
இதற்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எழும்பூர்க் கூட்டத்தில்
ஒரிஜினல்காரர்கள் மின்விசிறிக்குக் கீழே.
நான் தண்ணீர்க் கேன் பக்கம்.
தேவசகாயம் சார் கையில் வாங்காமலே சொல்வார்:
"ரீஸ்ட்ரைக்."
சாம்பாரில் முடி கிடக்கிறது என்பதுபோல.

ஜெயித்தவர்கள் தமக்குத் தாமே
குத்திக்கொண்ட பதக்கம்.
அதற்கும் ஒரு நகல்.
நகலுக்கு இரண்டாயிரத்து இருநூறு,
போனஸ் வந்த மாதம்.
"ஒரு மிக்சி வந்திருக்கும்" என்றாள் அக்கா.
வந்திருக்கும்தான்.

எனக்கு அம்பத்தூரில் பிரஸ் ஷாப்பில் வேலை.
தரச் சோதனை, பதினேழு வருஷம்.
ஷிப்டுக்கு ஒன்பதாயிரம் வாஷர்.
முதல் வாஷரையும் கடைசி வாஷரையும்
பக்கத்தில் வைத்தால் போதும்,
நடுவில் டைக்கு என்ன ஆனது என்று
சொல்லிவிடுவேன்.

அதனால்
லென்ஸை வைத்ததும் நான் பார்த்தது சிங்கத்தை அல்ல.
புலியின் விலாவில்
பரு மாதிரி ஏழெட்டுப் புள்ளிகள்.
துரு.
அச்சில் குழியாகத் தின்ற துரு
செம்பில் மேடாக எழும்பும்.
எண்ணெய் தடவாமல், துணி சுற்றாமல்
எத்தனை ஐப்பசி எந்த அலமாரியில் கிடந்ததோ.
சிங்கத்தின் முன்காலிலிருந்து விளிம்பு வரைக்கும்
மயிரிழையில் ஒரு விரிசல்.
அடித்தவன் கவனித்திருப்பான்.
சொல்லியும் இருப்பான்.
"இன்னும் நாலு அடி தாங்கும், போடு"
என்றிருப்பார் ஒருத்தர்.
எங்கள் சூப்பர்வைசர் பரிமளராஜும்
அதையேதான் சொல்கிறார்,
அதே நாலு.

தேவசகாயம் சாரின் வெள்ளியில்
துரு இல்லை, விரிசல் இல்லை.
கோட்டை விழுந்தது,
அதோடு அதற்குச் செய்தி முடிந்தது.

போன ஞாயிறு என்ன நினைத்தாரோ,
லென்ஸைக் கேட்டு வாங்கினார்.
ரொம்ப நேரம் குனிந்திருந்தார்.
"அழுக்கு ஒட்டியிருக்கு" என்று
கைக்குட்டையால் புலியைத் துடைத்தார்.
ஊதிவிட்டு
மறுபடி துடைத்தார்.

நான் தண்ணீர் பிடித்துக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து, உறைமேல்
நகல் என்று பென்சிலில் எழுதியிருந்ததை
அழித்தேன்.
பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
காலையில் ஆறு மணி ஷிப்டு.